சுவரோரக் கழி

வடகவுஞ்சி,
சித்திரை முதல் வாரம்.

அன்புள்ள செல்வி அக்காவுக்கு,

தம்பி சிவமுருகன் எழுதுவது. அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். பிரஷர் மாத்திரையை என் கண் முன்னால்தான் போடுகிறாள். டப்ளினில் நீ, மச்சான், பாப்பா எல்லோரும் சௌகரியம் என்று எடுத்துக்கொள்கிறேன். நலம் விசாரிப்பு இதோடு முடிந்தது, இனி வேலையைப் பார்ப்போம்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். அப்பா காரியம் முடிந்ததிலிருந்து போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டையும் கேட்கிறாள். ஒரு விஷயமும் முடிவதில்லை. எப்படியும் தாள்களைக் கூரியரில் அனுப்ப வேண்டும். கூடவே இதையும் வைக்கிறேன். முழுதாகப் படி. பாதியில் எனக்கு போன் போடாதே.

அப்பா விட்டுப்போனவற்றை ஒழுங்குபடுத்துவது வயரிங் படமே இல்லாத பழைய லிஃப்ட்டை ரிப்பேர் செய்வது மாதிரி இருக்கிறது. கோயம்புத்தூரில் எந்த லிஃப்ட் நின்றாலும் பேனலைத் திறந்தால் ஒரு பிழை எண் தெரியும், அதை வைத்து வேலையைத் தொடங்கலாம். இங்கே திறப்பதற்குப் பேனலே இல்லை. சித்தப்பாவும் அப்பாவும் பாகம் பிரித்த பத்திரம் இருக்கிறது. விசாலாட்சி அத்தை அப்போதே தன் பங்கை விட்டுக் கையெழுத்துப் போட்டதும் அதில் இருக்கிறது. ஆனால் பட்டா இன்னும் தாத்தா பெயரில். மோட்டாருக்கு மின் இணைப்பும் தாத்தா பெயரில். அவர் போய் இத்தனை காலம் ஆகியும் அரசாங்கக் கணக்கில் தினமும் பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார். பெயரை மாற்றுங்கள் என்று நான் சொன்னபோதெல்லாம் அப்பா "யாருடா வந்து கேக்கப் போறா" என்பார். இப்போது எல்லோரும் வந்து கேட்கிறார்கள். பதில் சொல்ல அவர் இல்லை.

சட்டப்படி வாரிசு மூன்று பேர்: அம்மா, நீ, நான். மூன்று பேருக்கும் சமபங்கு. இதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் குழந்தைவேல் சித்தப்பாவுக்குப் பேச நிறைய இருக்கிறது. வாரிசுச் சான்றுக்கு உன் பெயரையும் சேர்த்து மனுப் போட்டதைப் பார்த்துவிட்டு, "ஏலே, கட்டிக் குடுத்த பொண்ணு பேரை எதுக்குடா இழுக்குற" என்றார். சட்டம் அப்படி என்றேன். "சட்டமெல்லாம் அடிவாரத்தோட சரி. மேல ஏறி வந்தா அதுக்கும் மூச்சு வாங்கும்" என்றார். அவரோடு பேசினால் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

இப்போது உன் விஷயம். "அப்பா முகத்தைக்கூடப் பாக்க வராத எனக்கு எதுக்குடா பங்கு" என்று போன வாரம் போனில் அழுதாய். அக்கா, வருகைப் பதிவேடு பார்த்துப் பங்கு கொடுப்பதில்லை. அன்றைக்கே உன் ஆஸ்பத்திரியில் லீவு கொடுத்து, அன்றைக்கே டிக்கெட்டும் கிடைத்திருந்தாலும் நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். காத்திருக்க முடியாது என்று முடிவு செய்தது ஊர். பாடையைத் தூக்கும் நேரத்தில் வீடியோ அறுந்தது டவர் போனதால். நான் அறுக்கவில்லை. சிக்னல் கிடைக்குமா என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பெல்லாம் ஓடினேன். கொள்ளி வைக்க வேண்டியவன் எங்கேடா ஓடுகிறான் என்று ஊரே சத்தம் போட்டது. சரி, அது இப்போது வேண்டாம்.

சும்மா உட்கார்ந்து தாலுகா ஆபீஸ் பதிலுக்குக் காத்திருக்கப் பிடிக்காமல், அடுப்படியைச் சீர்செய்தேன். அப்பா மாசியில் தொங்கவிட்டுப் போன விதைப்பூண்டு வைகாசி நடவு வரை அடுப்புக்கு மேலே புகையில் கிடக்க வேண்டும். அது சரி. ஆனால் தொங்கவிட்டிருந்த லட்சணம் இருக்கிறதே. நடுக் கழிகள் பாரம் தாங்காமல் வளைந்து கிடக்கின்றன. சுவரோரத்தில் தனியாக ஒரு கழி, அதில் கொஞ்சம் கத்தைகள், பாதி இடம் காலி. புகையும் அந்த மூலைக்குச் சரியாகப் போவதில்லை. எல்லாவற்றையும் இறக்கி, பெரிய பூண்டு தனி, சிறியது தனி என்று பிரித்து, கத்தை கட்டி, அளவு எழுதிய அட்டை மாட்டி, பாரத்தைச் சமமாக்கித் தொங்கவிட்டேன். சுவரோரக் கழி தேவைப்படவில்லை. கழற்றி விறகோடு போட்டுவிட்டேன். இடுப்பு ஒடிந்துவிட்டது.

அம்மா காட்டிலிருந்து வந்து அண்ணாந்து பார்த்தாள். "எல்லாத்தையும் கலந்துட்டியா" என்று மட்டும் கேட்டாள். "கலக்கலம்மா, பிரிச்சிருக்கேன்" என்றேன். சாப்பிடாமல் படுத்துவிட்டாள். வெயிலில் களை எடுத்த களைப்பாக இருக்கும்.

இதோடு வைத்திருப்பது அதிகாரக் கடிதம். பட்டா மாற்றத்துக்கு உன் சார்பில் நான் கையெழுத்துப் போடலாம் என்று சொல்கிறது, வேறு ஒன்றும் சொல்லவில்லை. எம்பசியில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி, உடனே அனுப்பு. கூரியர்காரர் ஊருக்குள் வருவதில்லை, அதனால் பெருமாள்மலையில் சித்தப்பா கடை முகவரிக்கே அனுப்பு. லிஃப்ட் கம்பெனி மேனேஜர் தினமும் கூப்பிட்டு எப்போது வருவாய் என்கிறார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வேன்.

அன்புடன்,
தம்பி சிவமுருகன்.


வடகவுஞ்சி,
சித்திரை கடைசி.

அக்காவுக்கு,

அம்மா வீட்டில் இல்லை. பயப்படாதே. நல்ல உடம்போடும் நல்ல கோபத்தோடும் பேத்துப்பாறையில் விசாலாட்சி அத்தை வீட்டில் இருக்கிறாள். மாத்திரையை எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நடுவில் அழுதால் வரிசை குழம்பும்.

நீ அனுப்பிய கவர் வந்துவிட்டதாகச் சித்தப்பா சொன்னார். கடைக்குப் போனேன். கவர் பிரிந்து கிடந்தது. எதற்குப் பிரித்தீர்கள் என்றேன். "நம்ம வீட்டுக் கவர்தானடா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "சோலி முடிஞ்சிருச்சுடா. உங்கக்கா தங்கம். வெரசா கொண்டுபோய் ரிஜிஸ்டர் பண்ணிரு."

உள்ளே நான் கேட்ட அதிகாரக் கடிதம் இல்லை. விடுதலைப் பத்திரம் இருந்தது. அப்பா சொத்தில் உனக்குள்ள பங்கையெல்லாம் தம்பிக்கே விட்டுக்கொடுப்பதாகவும், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்றும் பக்கம் பக்கமாக எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் உன் கையெழுத்து. சித்தப்பா தனக்குத் தெரிந்த பத்திரம் எழுதுகிறவரிடம் சொல்லி எழுதவைத்து, உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாராம். நீயும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், லீவு போட்டு, எம்பசிக்குப் போய், வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நான் அனுப்பிய சின்னக் கடிதத்துக்கு உனக்கு நேரமில்லை. இதற்கு நேரம் கிடைத்திருக்கிறது. உன்னை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சித்தப்பாவிடம் சத்தம் போட்டேன். அவருக்கு என் கோபமே புரியவில்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைப்பு. "நாளைக்கு அந்த மாப்பிள்ளை ரிசார்ட்டுக்காரனுக்கு வித்துப்புட்டுப் போயிட்டா, வரப்புல நின்னு வேடிக்கை பாப்பியாடா" என்று கேட்டார். நம் மச்சானா? ஓட்டை சைக்கிளைக்கூட விற்க மனசு வராமல் துணி போர்த்தி வைத்திருக்கிற ஆள் அவர்.

கவரோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்பு முன்னால் இருந்தாள். செல்வியிடமிருந்து என்ன வந்திருக்கிறது என்று கேட்டாள். மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. விடுதலைப் பத்திரம் என்றேன். அவள் எழுந்து, செம்புத் தண்ணீரை எடுத்து எரிகிற அடுப்பில் ஊற்றினாள். பையில் இரண்டு சேலையை வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "கழியையும் எடுத்துட்ட. கையெழுத்தையும் வாங்கிட்ட. நல்லா இரு."

எந்தக் கழி என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனேன். அவள் திரும்பவில்லை. கீழே பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டாள்.

அடுப்பை அப்படியே விட முடியாது. புகை நின்றால் விதை ஈரம் பிடிக்கும், நடவுக்கு முன்னாலேயே முளை தள்ளும். நானே மூட்டினேன். ஈர விறகு. கண் எரிந்து, மூக்கு ஒழுகி, வீடு முழுக்க இருட்டு. பக்கத்துக் காட்டு ஞானவேல் அண்ணன் ஓடிவந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா எஞ்சினியரு, பூண்டுக்குப் புகை போடுறியா, ஊரைக் காலி பண்ணச் சொல்றியா" என்று கேட்டுவிட்டு, காய்ந்த விறகு கொஞ்சம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அடுப்பை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு, வெள்ளனே பஸ் பிடித்துப் பேத்துப்பாறைக்குப் போனேன். அத்தை என்னை உட்காரச் சொல்லவில்லை. "வாங்க சார். சொத்தெல்லாம் பத்திரமா இருக்கா சார்" என்றார். அம்மா உள்ளே பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. நான் செய்த தப்பு என்ன என்று யாராவது சொன்னால்தானே தெரியும் என்று கத்தினேன். அத்தைதான் சொன்னார்.

உனக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தும் கையெழுத்துப் போட்டிருந்தால் உன்னை மன்னிக்க முடியாது. தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன்.

நம் வீட்டில் பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் அவளுக்கென்று மலைச்சரிவில் ஓர் அடுக்கு நிலத்தை வாயால் சொல்லி ஒதுக்குவார்களாம். எழுதுவதெல்லாம் கிடையாது. அந்த அடுக்கில் விளைந்த பூண்டிலிருந்து எடுத்த விதையை மற்றதோடு சேர்க்காமல் தனிக் கழியில் தொங்கவிட்டு, மறுபடி அதே அடுக்கில்தான் நடுவார்களாம். பெண் என்றைக்கு வந்து கேட்டாலும் நிலத்தை விதையோடு கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. உனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து ஓடைக்குப் பக்கத்துக் கடைசி அடுக்கு உன்னுடையது. சுவரோரக் கழி உன்னுடையது. அப்பா ஒவ்வொரு போகத்துக்கும் பிரித்து நட்டு, பிரித்து அறுத்து, பிரித்துத் தொங்கவிட்டிருக்கிறார். நான் அந்த அடுப்படியில்தான் வளர்ந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அத்தைக்கும் ஒரு கழி இருந்ததாம். அவர் விடுதலை எழுதிக்கொடுத்த அன்றே தாத்தா அந்தக் கத்தைகளை மற்றதோடு சேர்த்துக் கட்டிவிட்டு, கழியை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டார். "அதுக்கப்புறமும் அந்த வீட்டுக்கு வராமலா இருக்கேன்? வந்தா காப்பி குடுப்பாங்க. 'காப்பி குடிக்கிறியா'ன்னு கேட்டுட்டுக் குடுப்பாங்க. உங்கம்மா என்னைக்காவது உன்கிட்டக் கேட்டுட்டுக் குடுத்திருக்காளாடா?" என்று அத்தை கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். அம்மா கேட்டதே இல்லை. டம்ளரை வைத்துவிட்டுப் போவாள்.

ஆக, நான் பாரத்தைச் சமப்படுத்தினேன் என்று நினைத்த அன்று, அம்மா கண்ணுக்கு உன்னை வீட்டிலிருந்து வெட்டிவிட்டேன். அடுத்து பத்திரமும் வந்ததும், தம்பிக்காரன் திட்டம் போட்டு முடித்துவிட்டான் என்று நினைத்துவிட்டாள். ஒரு கழியில் இத்தனை சங்கதி இருக்கிறது என்றால் அதில் பெயிண்டில் ஒரு பெயர் எழுதி வைத்தால் என்ன? அத்தையிடம் இதைத்தான் கேட்டேன். "உங்கப்பன் எதைத்தான் சொன்னான்? நெஞ்சு வலிக்குதுன்னுகூடச் சொல்லாமப் போனவன்" என்றார்.

அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். கழி விஷயம் எனக்குத் தெரியாது என்றேன். அதை நம்பினாள். பத்திரத்தை நான் கேட்கவில்லை என்றேன். நம்பவில்லை. போனை எடுத்து, உனக்கு நான் அனுப்பிய மெசேஜை எல்லாம் காட்டினேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தேன், அம்மாவால் படிக்க முடியவில்லை. அத்தை மகள் சௌம்யா சத்தமாகப் படித்துக் காட்டினாள். அதிகாரக் கடிதம் எங்கே, அதிகாரக் கடிதம் எங்கே என்று நான் உன்னைத் திட்டியதையெல்லாம் அம்மா முழுதாகக் கேட்டாள்.

கேட்டுவிட்டு, "அப்ப அவளாத்தான் வேணாம்னு எழுதினாளா" என்றாள்.

ஆமாம் என்றேன். சொன்ன பிறகுதான் புரிந்தது. நான் பிடுங்கினேன் என்று நினைத்தபோது அம்மாவுக்குக் கோபம்தான் இருந்தது. இப்போது அது போய்விட்டது. கையில் இருந்த பீன்ஸை உரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்டு வாங்கினேன் என்று ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சரி, கலந்ததைத் திரும்பப் பிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டுக்கு வந்து எல்லாக் கத்தையையும் மறுபடி இறக்கினேன். முடியவில்லை. ஒரே விதை, ஒரே மண், ஒரே புகை. எது கடைசி அடுக்கில் விளைந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஞானவேல் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கத்தையை முகர்ந்து பார்த்துவிட்டு, "பூண்டு வாசனை வருதுப்பா" என்றார். ஆகவே வீட்டில் தொங்குகிற ஒவ்வொரு கத்தையிலும் உன்னுடையதும் இருக்கலாம், என்னுடையதும் இருக்கலாம். இதில் எதை எனக்கு விட்டுக்கொடுக்கிறாய் என்று நீயே வந்து காட்டு.

கழி விறகுக் குவியலில்தான் கிடந்தது, நல்லவேளை எரியவில்லை. பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன். பெரிய பூண்டாகப் பார்த்து அதில் தொங்கவிடலாம் என்று யோசித்தேன். அது நான் உனக்குக் கொடுத்ததாகிவிடும். கொடுக்க நான் யார்? அதனால் வெறும் கழியாகவே இருக்கிறது.

உன் பத்திரத்தை இந்தக் கவரிலேயே திருப்பி வைத்திருக்கிறேன். ரிஜிஸ்டர் செய்ய மாட்டேன். கிழிக்கவும் மாட்டேன். நான் கிழித்தால் தம்பி பெருந்தன்மையாகக் கிழித்தான் என்று ஊர் பேசும், எனக்கு அந்தப் பேர் வேண்டாம். கையெழுத்துப் போட்டது நீ. நீயே கிழி. சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "அக்காளும் தம்பியும் ஒரே கிறுக்கு" என்றார். இரண்டு நாளாகப் பேசவில்லை, ஆனால் நேற்று கடையிலிருந்து காய்ந்த விறகு ஒரு கட்டு அனுப்பியிருக்கிறார்.

அதிகாரக் கடிதம் இன்னொரு நகல் வைத்திருக்கிறேன். அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும் சரி. ஆனால் நான் கேட்பது அது இல்லை. வைகாசியில் நடவு. அதற்கு நீ வர வேண்டும். கடைசி அடுக்கில் எந்த விதையை நடுவது என்று நீ எடுத்துக் கொடுக்க வேண்டும். பூண்டு நடவுக்கெல்லாம் உன் ஆஸ்பத்திரியில் லீவு கிடையாது என்று தெரியும். தம்பிக்குக் கல்யாணம் என்று சொல். பொய்தான், பெண்ணை இனிமேல்தான் பார்க்க வேண்டும். பிறகு கேட்டால் நின்றுபோய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், என் முகத்தைப் பார்த்தால் நம்புவார்கள்.

அன்று பேத்துப்பாறையிலிருந்து நான் கிளம்பும்போது அம்மா பஸ் நிற்கிற இடம்வரை கூட வந்தாள். பஸ் வந்ததும் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, உனக்கு எழுதச் சொல்லி ஒன்று சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அவ வர்றான்னா, நான் முந்துன நாளே வீட்டுக்குப் போயி அடுப்பைப் பத்த வச்சிருவேன்னு எழுது. வரலைன்னா ஒண்ணும் எழுதாத."

நீ வருகிறாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் எழுதிவிட்டேன், அக்கா.

இப்படிக்கு,
உன் தம்பி
சிவமுருகன்.